1,285 கலோரி: யார் போட்ட கணக்கு?

42 வயது, 155 செ.மீ. உயரம், 70 கிலோ எடை. ஐந்து கிலோ குறைக்க நினைக்கும் ஒரு பெண்ணின் விவரங்கள் இவை என்று வைத்துக்கொள்வோம். 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியார் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால், சும்மா படுத்துக் கிடந்தாலே அவர் உடலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,300 கலோரி வேண்டும் என்று வரும். அடுத்து, உழைப்பு எவ்வளவு என்ற கேள்வி. உட்கார்ந்த வேலை என்றால் 1.2-ஆல் பெருக்க வேண்டும். லேசான உழைப்பு என்றால் 1.375-ஆல். வழக்கமான 500-ஐக் கழித்தால் இலக்கு 1,060 அல்லது 1,285. பகலெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து துணி துவைத்துக் கூட்டிப் பெருக்குகிறவர் இதில் எதைத் தேர்ந்தெடுப்பார்? அந்த ஒரு பதிலில் மட்டும் 225 கலோரி ஏறி இறங்கிவிடுகிறது.

சாப்பாட்டுப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். தோசைக்கல்லில் சுற்றிவிடும் எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்றால் ஏறக்குறைய 40 கலோரி. மூன்று தோசைக்கு 120. ஆனால் யார் ஸ்பூனில் அளந்து ஊற்றுகிறார்கள்? பொரியலிலும் குழம்பிலும் விழுந்த எண்ணெய் வீட்டுக்கே பொது. அதில் தன் தட்டுக்கு வந்தது எவ்வளவு என்று சமைத்தவருக்கே தெரியாது. ஒரு கப் சாதம் என்பதும் குழைய வடித்ததா, உதிரியாக வடித்ததா என்பதைப் பொறுத்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன ஒரு குழுவை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். உண்மையில் சாப்பிட்டதில் ஏறத்தாழ பாதியைத்தான் அவர்கள் கணக்கில் காட்டியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் இந்த முறையின் சங்கடம். ஐந்து கிலோவுக்கு நாளொன்றுக்கு 200, 300 கலோரி குறைத்தாலே போதும். பட்டினி வேண்டாம், மயக்கம் வராது. ஆனால் கணக்கில் விழும் பிழையும் அதே அளவு. இலக்கு எவ்வளவு நிதானமானதோ, அவ்வளவு எளிதாகப் பிழைக்குள் மறைந்துவிடுகிறது.

காலக்கெடுவையும் நம்ப முடியாது. ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி எழுதிவைத்தது இன்றும் புழங்குகிறது. அதன்படி தினம் 100 கலோரி குறைத்தால் மூன்று ஆண்டில் 14 கிலோ போக வேண்டும். உடல் மெலிய மெலிய அதன் செலவும் குறையும் என்பதைச் சேர்த்து, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011-இல் கணித்தபோது சுமார் 4.5 கிலோதான் வந்தது. அதிலும் பாதி இறங்கவே ஏறக்குறைய ஓர் ஆண்டு.

அப்படியானால் எண்ணுவதே வீணா? இல்லை. இரண்டு வாரம் எழுதிவைத்தால் கண் திறக்கும். நூறு கிராம் மிக்சர் 500 கலோரியைத் தொடும் என்று தெரிந்தவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்க மாட்டார். மூன்று வேளைக் காப்பிக்கும் இரண்டிரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே சுமார் 100 கலோரி. கூட்டலை நம்ப முடியாவிட்டாலும் இந்தக் கழித்தலை நம்பலாம்: மொத்தம் 1,700-ஓ 2,000-ஓ, அந்தச் சர்க்கரை போனால் 100 போனதுதான், வேறொன்றால் அதை ஈடுகட்டாதவரை. நான்கு வாரம் கழித்தும் எடை அசையாவிட்டால் இன்னொன்றைக் குறைக்கலாம். தினசரி இலக்கைவிட எனக்கு இதுவே உசத்தி.

சர்க்கரை நோய் பயத்தில் எடை குறைக்க வருபவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு செய்தி உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீராக்கியதில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ பெரிதாகக் குறையவில்லை. ஏற்கெனவே இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் குறைக்கக் கூடாது. சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.