எந்த இடத்தில் இடறுகிறது?

2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டாம் ஃபல்ப் தன் நியூகிரவுண்ட்ஸ் தளத்தின் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் தாங்கள் ஃபிளாஷ் மென்பொருளில் செய்த அனிமேஷனையோ கேமையோ ஏற்றலாம். ஏற்றிய கையோடு ஊரே பார்க்கலாம். கூடவே ஒரு தீர்ப்பு முறையும் வந்தது. பார்க்கிறவர்கள் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடுவார்கள். போதிய மதிப்பெண் தேறாத படைப்பு தளத்தைவிட்டே நீக்கப்படும். அங்கே அதற்கு 'பிளாம்' என்று பெயர். நீக்கப்பட்டதற்குக் குறைத்துப் போட்டவர்களுக்கும், பிழைத்ததற்குக் கூட்டிப் போட்டவர்களுக்கும் தனித்தனிக் கணக்கில் புள்ளிகள் ஏறும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, ராத்திரி கண் விழித்து ஒரு பையன் ஒரு மாதம் வரைந்தது சில மணி நேரத்தில் இல்லாமல் போகலாம். இது கடுமையான ஏற்பாடுதான். ஆனால் அதே தளத்தில் இன்னொரு சிறிய வசதி இருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பார்த்தவர் மதிப்பெண்ணோடு விமர்சனமும் எழுதலாம். செய்தவர் அதற்கு நேர்கீழே பதில் எழுதலாம். வசைபாடும் விமர்சனத்தை மற்ற வாசகர்கள் சுட்டிக்காட்டி நீக்கவைக்கவும் வழி செய்திருந்தார்கள். 2003-இல் இசைக்கும், 2011-இல் ஓவியத்துக்கும் தனிப் பிரிவுகள் வந்தபோது இந்தப் பழக்கம் அங்கேயும் தொடர்ந்தது.

ஃபல்பும் டான் பாலடினும் சேர்ந்து செய்த 'ஏலியன் ஹோமினிட்' 2002-இல் இங்கேதான் ஏறியது. இரண்டு ஆண்டு கழித்து கன்சோல் விளையாட்டாகக் கடைக்கு வந்தது. எட்மண்ட் மெக்மில்லனின் 'மீட் பாய்' 2008-இல் இலவச ஃபிளாஷ் கேமாக ஏறியது. 2010-இல் 'சூப்பர் மீட் பாய்' ஆயிற்று. கடைக்கு வருமுன்பே முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் இவற்றை ஆடிப் பார்த்து, மனதில் பட்டதை எழுதியிருந்தார்கள்.

மதிப்பெண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசாமல் இணைய விமர்சனத்தைப் பேச முடியாது. மதிப்பெண் பார்வையாளர்களுக்கு உதவும். எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று சொல்லும். செய்தவருக்கு அதனால் ஆவது குறைவு. ஐந்துக்கு 2.8 வாங்கிய பெண்ணுக்குத் தன் படம் சுமார் என்று தெரியும், எங்கே சறுக்கியது என்று தெரியாது. யூடியூபும் முதலில் ஐந்து நட்சத்திரம் வைத்திருந்தது. போடுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தே போட்டதால் 2010-இல் அதை எடுத்துவிட்டுக் கட்டைவிரல்களைக் கொண்டுவந்தது. 2021 நவம்பரில் கீழ்நோக்கிய விரல்களின் எண்ணிக்கையையும் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. இத்தனை மாற்றத்திலும் 'எந்த இடத்தில்' என்ற கேள்விக்கு அங்கே பதில் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு இயந்திரத்தாலேயே விடை கண்டது சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம். 2007-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியவர்கள், பாட்டை ஒரு அலைக்கோடாகத் திரையில் விரித்தார்கள். கேட்கிறவர் தன் கருத்தை அந்தக் கோட்டின் மேல், குறிப்பிட்ட நொடியில் குத்திவைக்கலாம். இப்படி நினைத்துப் பாருங்கள்: வீட்டில் கணினியை வைத்துப் பாட்டு செய்கிற ஒருவரின் அலைக்கோட்டில் 1:12-இல் ஒரு கருத்து நிற்கிறது. 'இங்கே கிக் டிரம்மும் பேஸும் ஒரே கீழ் அலைவரிசையில் மோதுகின்றன. கிக் விழும்போது மட்டும் பேஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.' 'மிக்ஸிங் சரியில்லை' என்று மொத்தமாகச் சொன்னால் அவர் எந்தக் குமிழைத் திருகுவார்? நொடியைக் காட்டிவிட்டால் அன்று ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடலாம். அந்தக் கோட்டிலும் பெரும்பாலும் 'செம', 'தீ' என்றுதான் நிறையும் என்பது உண்மை. ஆனாலும் எந்த நொடியில் 'செம' என்பதாவது தெரிகிறது. அது சின்ன உதவி இல்லை.

2002-இல் தொடங்கிய லூடம் டேர் என்ற கேம் செய்யும் போட்டி வேறு வழியில் போயிற்று. தலைப்பு ஒன்று தருவார்கள். தனியாளாகச் செய்தால் 48 மணி நேரம், கூட்டாகச் செய்தால் 72 மணி நேரம். பிறகு சில வாரங்கள் போட்டியாளர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடி மதிப்பிட வேண்டும். வேடிக்கை, புதுமை, தலைப்புப் பொருத்தம், படம், ஒலி, நகைச்சுவை, மனநிலை, மொத்தம் என்று எட்டு வகை. குறைந்தது 20 பேர் மதிப்பிட்டால்தான் தரவரிசையில் இடம். நீங்கள் மற்றவர்கள் கேமை ஆடிக் கருத்து எழுதினால்தான் உங்கள் கேம் பிறர் கண்ணில் படும். 2020 அக்டோபரில் இந்தப் போட்டிக்காகச் செய்த 'ஃப்ரைடே நைட் ஃபங்கின்' பிறகு நியூகிரவுண்ட்ஸில் ஏறி உலகப் புகழ் பெற்றதும் இந்தப் பழக்கம் வளர்ந்த மண்ணில்தான்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது லூடம் டேரில் ஒருமுறை சேர்ந்தான். "மாமா, ஆடிப் பாருங்க" என்று சுட்டி அனுப்பினான். நான் ஆடிவிட்டு "சூப்பர்டா" என்று எழுதினேன். மறுநாள் யாரோ ஒரு போட்டியாளர் நான்கு வரி எழுதியிருந்தார். 'மூன்றாவது மேடையின் விளிம்பில் நான்கு முறை விழுந்தேன். தாவும் பட்டனை அழுத்தினேன், ஆனால் கால் விளிம்பைத் தாண்டிய பிறகு அழுத்தினேன்போல. தாண்டிய பின்னும் ஆறு பிரேம்வரை தாவ விட்டுப் பாருங்கள். கடைசிக் கதவு திறக்கிற சத்தத்துக்காகவே இன்னொரு முறை ஆடினேன்.'

நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஆறு பிரேம் என்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு. கேம் செய்கிறவர்கள் இந்தச் சலுகையை 'கயோட்டி டைம்' என்கிறார்கள். மலைமுகட்டைத் தாண்டியும் அந்தரத்தில் ஓடுகிற, ஓநாய் இனத்துக் கார்ட்டூன் விலங்கின் பெயர். பையன் அன்றே திருத்திய பதிப்பொன்றைத் தனியாகப் போட்டான். நான் ஆடினேன், விழவில்லை. முந்தைய நாள் நானும் அங்கேதான் விழுந்திருந்தேன். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த நான்கு வரியில் 'உங்கள் கட்டுப்பாடு மோசம்' என்ற சொல்லே கிடையாது. தனக்கு என்ன நேர்ந்தது என்பது முதலில் வருகிறது, பிறகு ஒரு ஊகம், பிறகு செய்துபார்க்கக்கூடிய ஒரு யோசனை. பாராட்டும் பொதுவாக இல்லை; கதவுச் சத்தத்தைத் தொட்டுச் சொல்கிறது.

அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த விமர்சன முறை இதற்குப் பக்கத்தில் வருகிறது. அதில் நான்கு படிகள். பார்த்தவர்கள் தங்கள் மனதில் எது நின்றது என்று முதலில் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் 'இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லட்டுமா?' என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும். இந்த வரிசையில் மிக அருமையானது இரண்டாம் படி என்பேன். இணையத்தில் அது பெரும்பாலும் விட்டுப்போகிறது. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். நடக்கும்போது கால் தரையில் வழுக்குவதுபோல் தெரிகிறதா என்று அனிமேஷன் செய்தவரே கேட்டுவிட்டால், ஒன்றும் தெரியாத பார்வையாளரும் பாதத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அக்கா மகன் அந்தப் போட்டிக்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்து முப்பது கேம் ஆடினான். பக்கத்தில் ஒரு நோட்டு. எங்கே விழுந்தான், எங்கே சிரித்தான் என்று குறிப்பு. சென்ற மாதம் புதிதாக ஒன்று செய்து எனக்கு அனுப்பியிருந்தான். எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. "மாமா, ரெண்டாவது லெவல்ல எங்க நின்னீங்க?" என்று கேட்டிருந்தான். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுவிட்டேன், வலப்பக்கம் வழி இருப்பது இருட்டில் தெரியவில்லை என்று எழுதினேன்.

"சரி மாமா, அங்க ஒரு விளக்கு வைக்கிறேன்" என்று பதில் வந்தது.