சத்தம் போடாத பிள்ளை

கோடை விடுமுறை நெருங்கினால் ரீல்ஸில் ஒரு வகைக் காணொளி தவறாமல் வந்துவிடுகிறது. பதினான்கு மணி நேர விமானப் பயணத்தில் மூன்று வயதுப் பிள்ளை ‘சமர்த்தாக’ உட்கார்ந்து வந்த கதை. அம்மா ஒரு பையைத் திறந்து காட்டுவார். ஒட்டி ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர் புத்தகம், தண்ணீர் பட்டால் நிறம் வரும் அட்டை, மணிக்கு ஒன்றாகப் பிரிப்பதற்குக் காகிதத்தில் சுற்றிய குட்டிப் பொம்மைகள், கடைசியில் ஹெட்போனோடு ஒரு டேப்லெட். கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கைக்குழந்தையோடு போய்வருகிறவர்களும் இப்போது இந்தப் பையைத்தான் கட்டுகிறார்கள். முறுக்கு டப்பா இருந்த இடத்தில் பவர் பேங்க்.

பையை நான் குறை சொல்லவில்லை. ஸ்டிக்கர் நல்ல பொருள், பிள்ளையின் விரலுக்கு வேலை தருகிறது. இரண்டு பிள்ளைகளைத் தனியாக அழைத்துக்கொண்டு நடுராத்திரியில் விமானம் மாறும் தாய்க்கு டேப்லெட்டைக் கொடுக்காதே என்று வீட்டில் உட்கார்ந்து உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். பழைய வழிகளும் யோக்கியமானவை அல்ல. சளி மருந்தைக் கொஞ்சம் கூட ஊற்றித் தூங்கவைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அப்படித் தூக்கம் வரவழைக்கும் மருந்துகளில் ஒன்றான புரோமெதசைனை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சுத் திணறி உயிர் போகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004இல் எச்சரித்தது. அதைவிட டேப்லெட் ஆயிரம் மடங்கு மேல். இவ்வளவும் ஒத்துக்கொண்டாயிற்று.

என் சண்டை அந்தக் காணொளிகள் வெற்றியை எதைக் கொண்டு அளக்கின்றன என்பதோடுதான். கடைசியில் சொல்லிவைத்தாற்போல் ஒரு வரி வரும்: இறங்கும்போது பக்கத்து இருக்கைக்காரர், “இங்கே குழந்தை இருந்ததே தெரியவில்லை” என்றாராம். அதுதான் சான்றிதழ். பிள்ளைக்குப் பயணம் பிடித்திருந்ததா, ஜன்னல் வழியே எதையாவது பார்த்ததா, யாரிடமாவது பேசியதா என்று கேட்பவர் கிடையாது. இருந்ததே தெரியாமல் இருப்பதுதான் ஒரு குழந்தை எட்டக்கூடிய உச்சம் என்றால், அந்தப் பை யாருடைய மகிழ்ச்சிக்காகக் கட்டப்பட்டது?

இந்த மனப்பான்மையின் உச்சத்தை 2019இல் உலகமே கண்டு கைதட்டியது. சியோலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஒரு தாய், நான்கு மாதக் கைக்குழந்தை அழக்கூடும் என்று சக பயணிகளுக்கு 200 பைகள் கொடுத்தார். உள்ளே மிட்டாய், சூயிங்கம், காதில் அடைக்கும் பஞ்சு, குழந்தையே எழுதியதுபோல ஒரு மன்னிப்புச் சீட்டு. அந்தத் தாயின் நல்ல மனதைச் சந்தேகிக்கவில்லை. அழுவதைத் தவிர வேறு மொழி தெரியாத உயிர் அழுவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றால், கைதட்டியவர்களின் மனம்தான் எனக்குப் பிடிபடவில்லை. விமான நிறுவனங்களுக்கு அது நன்றாகவே பிடிபட்டது. இண்டிகோ 2016இலேயே சில வரிசைகளை அமைதிப் பகுதி என்று அறிவித்து, 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அங்கே உட்காரவிடாமல் செய்தது. கோரெண்டன் என்ற நிறுவனம் 2023இல் ஆம்ஸ்டர்டாம்–குராசாவ் பயணத்தில் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு பகுதி ஒதுக்கி, அதற்குத் தனியாக 45 யூரோ கட்டணம் வைத்தது. பிள்ளைகள் இல்லாத இடம் இப்போது காசு கொடுத்து வாங்கும் சரக்கு.

அமைதியை அளவுகோலாக வைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். நம் வீடுகளில் பருப்புக் கடையும் விளையாட்டு உண்டு. பிள்ளையின் கையை மடியில் விரித்துப் பிடித்து, உள்ளங்கையில் முழங்கையை ஊன்றி மத்துபோல் உருட்ட வேண்டும். கடைந்த பருப்பைச் சோற்றில் பிசைந்து ஒவ்வொரு விரலுக்கும் ஊட்ட வேண்டும். அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், அம்மாச்சிக்கு ஒரு வாய். கடைசிச் சுண்டுவிரல் முடிந்ததும் மணிக்கட்டில் நண்டு கிளம்பும். இரண்டு விரல்தான் நண்டு. அது மெதுவாகக் கையேறி, முழங்கையில் நின்று யோசித்து, சட்டென்று கக்கத்துக்குள் ஓடும். நண்டு முழங்கையைத் தாண்டும் முன்பே பிள்ளை நெளியத் தொடங்கிவிடும். இதற்கு சார்ஜ் வேண்டாம், சீட் பெல்ட் தடையில்லை, இருக்கைக்கு அடியில் உருண்டு தொலையும் துண்டு எதுவும் கிடையாது. இருபது தடவை செய்தாலும் இருபத்தோராம் தடவை கேட்கும். விமான இருக்கைக்கென்றே செய்ததுபோன்ற விளையாட்டு.

அதை ஏன் எந்தக் காணொளியிலும் காணோம்? நண்டு கக்கத்தை அடையும்போது பிள்ளை வீரிட்டுச் சிரிக்கும். முன்வரிசையில் ஒரு தலை திரும்பும். அழுகைக்குத் திரும்பும் அதே தலைதான். விடுகதை போட்டாலும் அப்படித்தான், விடை தெரிந்த பிள்ளை கத்தித்தான் சொல்லும். சந்தோஷமான நான்கு வயது சத்தமாகத்தான் இருக்கும். அமைதியை வைத்துச் சலித்தால் மேலே நிற்பது திரை மட்டும்தான். மற்றதெல்லாம் கீழே கொட்டிப்போகும்.

திரையை ஆதரிப்பவர்களின் கையில் வலுவான ஒரு வாதம் இருக்கிறது, சில்லறை வாதங்களை விட்டு அதையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையைச் சமாதானப்படுத்தத் திரையை மட்டுமே நம்பாதீர்கள் என்று சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, 2016ஆம் ஆண்டு அறிக்கையில், மருத்துவச் சிகிச்சை, விமானப் பயணம் போன்ற சமயங்களில் அது உதவும் என்று இடம் விட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வயதுவரை திரையே கூடாது, ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை பறக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் விதி தளர்ந்தால் குடி முழுகிவிடாது என்பதுதான் வாதம்.

முழுகாதுதான். ஆனால் விதிவிலக்கு விமானத்தில் ஆரம்பிக்கிறதா? கம்பத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேர கார்ப் பயணம். வீரபாண்டி தாண்டுவதற்குள், “செல்லக் குடுத்திரு தாயி, சும்மா கெடக்கும்” என்று முன்சீட்டிலிருந்து ஒரு பெரியவரின் குரல் வந்துவிடும். ஆண்டிபட்டிக் கணவாய் போகும், அந்தப் பக்கத்துக் காற்றாலைகள் போகும். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்றபின் 2022 மே மாதம்தான் மீண்டும் தேனிக்கு ரயில் வந்தது. அந்தத் தண்டவாளமும் போகும். பத்து வயதுவரை சொந்த ஊரில் ரயிலையே பார்க்காமல் வளர்ந்த அண்ணன் அக்கா இருக்கிற வீடுகள் இவை. சின்னது அதைத் திரும்பியும் பார்க்காது. உசிலம்பட்டியில் சார்ஜ் பாதி, விமானம் ஏறும்போது பிள்ளைக்குக் கண் எரிச்சல், அதே பாட்டு ஆறாவது முறை. விதிவிலக்கை எந்த நேரத்துக்கென்று கேட்டு வாங்கினார்களோ அந்த நேரத்துக்கு அது செல்லாக் காசாகிவிடுகிறது. ஊர் திரும்பியபின் முடிவெட்டும் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் அதே செல்.

காது விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், காணொளிகள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் வைக்கப்படுகிறது. ஏறத்தாழக் கொடைக்கானல். போடிமெட்டு வளைவுகளில் இறங்கும்போது காது அடைக்கிறதே, அதே கதைதான் விமானம் இறங்கும்போதும். விழுங்கினால் திறக்கும். தாய்ப்பாலோ, ஒரு மிடறு தண்ணீரோ, வளர்ந்த பிள்ளைக்குச் சப்புகிற மிட்டாயோ போதும். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும் என்பதால் இறங்கத் தொடங்கும்போது பிள்ளையை எழுப்பவேண்டும். திரையைப் பார்த்துப் பார்த்து அசந்த பிள்ளையை ‘அப்பாடா’ என்று விட்டுவிடுகிறோம்; தரை தொடும் நேரத்தில் அது காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. பத்து மணி நேரம் காத்த அமைதி அந்த இருபது நிமிடத்தில் உடைகிறது.

பக்கத்து இருக்கைக்காரரும் காசு கொடுத்துத்தான் வருகிறார், அவருக்கும் தூக்கம் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். அவர் மேல் எனக்கு இரக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தெரிந்த வயது அவருக்கு. தேனியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் அழும் பிள்ளையை, “இங்க குடு தாயி” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அதே ஆட்கள் போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் ஏன் ஏர் ஹோஸ்டஸைக் கூப்பிடும் பொத்தானைத் தேடுகிறார்கள் என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

உண்மையில் பிள்ளைக்கு உதவக்கூடியவை நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. தொட்டில் மாட்டக்கூடிய முன்வரிசை இருக்கைகள் கால் நீட்ட இடமுள்ளவை என்று கூடுதல் விலைக்குப் போகின்றன. 12 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுங்கள் என்று சொல்வதற்கே நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவு போடவேண்டியிருந்தது. அதற்குமுன் இருக்கைக்குக் கூடுதல் பணம் கட்டாத தாய் ஒரு வரிசையிலும் பிள்ளை இன்னொரு வரிசையிலும் உட்கார நேர்ந்திருக்கிறது. இதைக் கேட்கவேண்டிய பெற்றோர்தான் ராத்திரி உட்கார்ந்து, குட்டிப் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.