உப்பும் அன்பும்: ஓர் உவமையின் பொருள்கோள்

தந்தைபால் கொண்ட அன்பு எத்துணைத்து என வினவப்பட்ட இளைய மகள், அதனை உப்போடு ஒப்பிட்டுக் கூறி, அக்காரணத்தானே மனையினின்றும் துரத்தப்படுகின்றாள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கும் இக்கதை, ஆர்னே–தாம்சன் வகைப்பாட்டில் 923 என்னும் எண் பெறும். முகமனை இகழ்ந்து வாய்மையைப் போற்றும் நீதிக்கதை என இதனைக் கொள்வாரே பலர். ஆலன் டண்டிஸ் 1976-இல், உளப்பகுப்பாய்வு நெறி நின்று, மகளை மணக்க விழையும் தந்தை பற்றிய கதைகளோடு இதனை இயைத்து ஆராய்ந்தார். அவ்விரு நோக்கிலும் உப்பு என்னும் உவமை உரிய இடம் பெறவில்லை. அதுவே கதையின் உயிர் என்பது நம் கருத்து.

உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாதல் வேண்டும் என்பர் தொல்காப்பியர். உவமத்தின் நிலைக்களன்களுள் காதலை எண்ணிய அவர், இழிவு பற்றி வரும் கிழக்கிடு பொருளையும் உடன் சேர்த்தார். மகள் காதல் நிலைக்களனாகக் கூறியதைத் தந்தை கிழக்கிடு பொருளாகக் கேட்டான். அவன் நோக்கியது உப்பின் விலை. அவள் நோக்கியது அதன் பயன்.

ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதைத் தொகுப்பில் உள்ள 'நாணற்குல்லாய்' இதனைத் தெளிவாக்கும். பச்சை இறைச்சி உப்பை விரும்புமாறு தந்தையை விரும்புவதாக மகள் கூறுகின்றாள். ஈண்டு உப்பாவான் தந்தை, இறைச்சியாவாள் மகள். தந்தையின்றித் தான் சுவையற்றவள் என்பதே அவள் உரைத்ததன் பொருள். அவள் தாழ்த்தியது தன்னையே, தந்தையை அன்று. பின்னர்த் தன் மணவிருந்தில் எல்லா உணவையும் உப்பின்றிச் சமைக்கச் செய்கின்றாள். உண்ட தந்தை அழுகின்றான். செவிக்கு விளங்காத உவமை நாவிற்கு விளங்கிற்று. தன்னைப் பிரிந்து மகள் வாழ்ந்த வாழ்வின் சுவையின்மையையே அவன் அன்று உண்டான் எனலாம்.

கிரிம் உடன்பிறந்தார் தொகுப்பின் 179ஆம் கதையில் இவ்விருந்து இல்லை. அரசன் உப்பு மூட்டை ஒன்றை மகளின் முதுகிற் கட்டுவித்துக் காட்டிற்குப் போக்குகின்றான். அவள் சொல்லையே அவட்குச் சுமையாக்கிய கொடுமை இது. பின்னர்த் தன் கடுமைக்கு அவன் இரங்கித் தேடுவிக்கின்றான். எனினும் உவமையை உணர்ந்தான் எனக் கதை கூறவில்லை. இரக்கம் வேறு, பொருளுணர்வு வேறு என்பதனை இவ்வேறுபாடு காட்டும்.

1608-இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் உப்பே இல்லை. கூறத்தக்கது ஒன்றுமில்லை என்னும் கார்டீலியா, பின்னர்க் கடமையின் அளவே தன் அன்பு என்கின்றாள். உவமை இன்மையின் அதனை விளக்கும் விருந்தும் இன்றாயிற்று. புயலிடை அலைந்து மகளை மீளப் பெற்ற லியர், அவளைப் பிணமாகவே ஏந்தி நிற்கின்றான். நாட்டார் கதை நாவின் வழியே அளித்த மீட்சியை நாடகம் அளிக்க இயலவில்லை.

ஆதலின், இக்கதையில் குறை மகளின் சொல்லில் இல்லை. கேட்டவனின் பொருள்கோளில் உள்ளது. அன்பிற்கு அளவு கேட்கும் அதிகாரம் தந்தையிடம் இருந்தது. கூறிய அளவை உணரும் அறிவு இல்லை. அதன் விலையைச் செலுத்தியவள் மகள். உப்பில்லா விருந்து அவள் வாய்மையை நிறுவிற்று. துரத்தப்பட்ட நாட்களை மீட்டுத் தரவில்லை.