ஒரே கதை, வேறு வேறு கை: தொண்ணூறுகளின் பொம்மைப் படங்களும் கூலி வேலையும்

சங்க மலர் என்றால் சிலம்பும் சிந்தாமணியும் பேசுவதே நம் வழக்கம். அவற்றின் நடுவே பொம்மைப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருப்பது அன்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "நயினாருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கட்டும். தங்கவயலில் கேபிள் கம்பி நுழைந்த வீடுகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கோவலனை அறிவதற்கு முன்னால் பேட்மேனை அறிந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதையும் நாற்பதையும் தாண்டி, தம் பிள்ளைகளுக்கும் அவற்றையே போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கிய கலை எதுவானாலும் அது ஆராய்ச்சிக்கு உரியதுதான்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் ஒரு முடிவு தயாராக இருக்கிறது: "ஜப்பான்காரன் போட்டா நல்லா இருக்கும், கொரியாக்காரன் போட்டா மட்டம்." வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அமெரிக்கா தன் வேலையை வெளிநாட்டுக்குத் தள்ளியதால்தான் தரம் கெட்டது என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மை வியாபாரத்திலும் ஆபத்து, விமரிசனத்திலும் ஆபத்து.

முதலில் வேலை எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். எனக்குப் பூர்வீகம் ஆரணிப் பக்கம், தொழில் ஜவுளி. ஆகவே நெசவை வைத்துச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். முதலாளி பாவும் சரிகையும் டிசைனும் கொடுப்பார், தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார். சேலையில் முதலாளியின் கடைப் பெயர்தான் இருக்கும். பொம்மைப் படமும் அப்படித்தான். கதை, வசனம், குரல் பதிவு, காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த ஸ்டோரிபோர்டு, பாத்திரங்களின் மாதிரிப் படங்கள், எந்த அசைவுக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்குத் தாள் எல்லாம் அமெரிக்காவில் தயாராகும். அதன் பிறகு பெட்டி கட்டி டோக்கியோவுக்கோ சியோலுக்கோ அனுப்புவார்கள். உண்மையான வரைதல், இடைப்பட்ட அசைவுகளை நிரப்புதல், வண்ணம் பூசுதல், கேமராவில் பிடித்தல் அங்கே நடக்கும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஓர் அத்தியாயம் சுமார் 22 நிமிடம், அதாவது 1,320 வினாடி. வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். எல்லாமே அசைவதாக வைத்தால் 15,840 படங்கள். வாய் மட்டும் அசையும் காட்சி, ஆள் சும்மா நிற்கும் காட்சி என்று கழித்தாலும் ஆயிரக்கணக்கில்தான் நிற்கும். இதை வாரா வாரம் ஒளிபரப்பும் தேதிக்குள் முடித்தாக வேண்டும்.

இனி பேட்மேன் தொடருக்கு வருவோம். 1992 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. மொத்தம் 85 அத்தியாயங்கள். புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி இருவரும் அதன் தோற்றத்தை வகுத்தவர்கள். வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசாமல், கறுப்புத் தாளிலேயே வெளிச்சத்தைத் தீட்டிப் பின்னணி அமைத்தார்கள். ஷெர்லி வாக்கரின் இசை, கெவின் கான்ராயின் குரல் எல்லாம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறாதவை. மாறியது கை மட்டும்தான். ஜப்பானின் டோக்கியோ மூவி ஷின்ஷா, ஸ்பெக்ட்ரம், சன்ரைஸ், கொரியாவின் டோங் யாங், ஏகாம் என்று பல ஸ்டூடியோக்களுக்கு வேலை பங்கு போடப்பட்டது. சோதனைச் சாலையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது போல, விமரிசகனுக்கு இதைவிட வசதியான வாய்ப்பு கிடைக்காது.

"ஃபீட் ஆஃப் கிளே" என்ற இரண்டு பகுதிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட் ஹேகன் என்று ஒரு நடிகன். விபத்தில் முகம் சிதைந்தவன். முகத்தைக் களிமண் போலப் பிசைந்து வேண்டிய வடிவம் கொடுக்கும் ஒரு களிம்புக்கு அடிமையாகி, கடைசியில் உடம்பு முழுக்கக் களிமண்ணாகவே ஆகிவிடுகிறான். முதல் பகுதி ஏகாம் செய்தது, இரண்டாம் பகுதி டோக்கியோ மூவி ஷின்ஷா செய்தது. கதை ஒன்று, குரல் ஒன்று, பாத்திரங்களின் மாதிரிப் படமும் ஒன்று. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு தொடரோ என்று சந்தேகம் வரும். முதல் பகுதியில் ஒரே ஆளின் தாடை ஒரு ஷாட்டில் அகலம், அடுத்த ஷாட்டில் ஒடுக்கம். ஆள் நடந்தால் தரையில் கால் பதிவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார். கனம் இல்லை. சித்திரத்தில் கனம் இல்லாவிட்டால் பயமும் இல்லை.

இரண்டாம் பகுதியில் களிமண்ணுக்குக் கனம் வந்துவிடுகிறது. அது ஒழுகுகிறது, தொங்குகிறது, கூடி எழுகிறது. முடிவுக் காட்சியில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் திரைகளில் ஹேகன் முன்பு நடித்த வேடங்கள் ஓடுகின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்காமல் ஒவ்வொரு வேடமாக மாறிக்கொண்டே போகிறது. ஒரு முகம் முடியும் முன் இன்னொரு முகம் முளைக்கிறது. எந்த முகம் தன்னுடையது என்று தெரியாத ஒரு நடிகனின் வேதனை வசனத்தில் இருப்பதைவிட அந்த ஓவியர்களின் கோட்டில் அதிகம் இருக்கிறது. எழுதியவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் அந்தக் காட்சியை நடித்தது ஜப்பானில் மேஜை முன் உட்கார்ந்திருந்தவர்கள். ஆம், நடித்தது என்றுதான் சொல்லுவேன். தோற்பாவைக் கூத்தில் பாவை தோல்தான், நடிப்பு கையினுடையது.

பார்த்தீர்களா, ஜப்பான் உயர்வு கொரியா மட்டம் என்று சரியாப் போச்சே என்பீர்கள். அங்கேதான் நிற்க வேண்டும். "ராபின்ஸ் ரெக்கனிங்" என்ற இன்னொரு இரண்டு பகுதிக் கதை. முதல் பகுதி ஸ்பெக்ட்ரம் செய்தது. 1993இல் எம்மி விருது பெற்றது. இரண்டாம் பகுதி கொரியாவின் டோங் யாங் செய்தது. விருது பெற்றதன் பக்கத்தில் நின்றும் அது கூனிக் குறுகவில்லை. "டூ-ஃபேஸ்" கதையிலும் முதல் பகுதி டோக்கியோ, இரண்டாம் பகுதி டோங் யாங். முதல் பகுதியில் உள்ள மின்னல் வெளிச்ச முகம் இரண்டாவதில் இல்லைதான், ஆனாலும் அவமானம் ஒன்றும் இல்லை. 1993இல் வந்த முழுநீளப் படமான "மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டசம்" ஸ்பெக்ட்ரமும் டோங் யாங்கும் பகிர்ந்து செய்ததுதான். எது யார் கை என்று சாதாரணப் பார்வையாளர் பிரித்துச் சொல்வது கடினம்.

மறுபக்கமும் பாருங்கள். 1994இல் தொடங்கிய ஸ்பைடர்மேன் தொடரைச் செய்தது அதே டோக்கியோ மூவி ஷின்ஷாதான். 65 அத்தியாயங்களில் ஒரே ஷாட் எத்தனை முறை திரும்பி வருகிறது என்று எண்ணினால் கை ஓய்ந்துபோகும். களிமண்ணுக்கு உயிர் கொடுத்த அதே நிறுவனம்! பெயர் பெரிசா இருந்தா சரக்கு பெரிசா இருக்கும் என்பது கடைக்காரன் பேச்சு. வாங்குகிறவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பியதுதான் கேடு என்பவர்களுக்கு ஹீ-மேன் போதும். தூர்தர்ஷனில் நம் பிள்ளைகள் பார்த்த அந்தத் தொடரை எடுத்த ஃபில்மேஷன் நிறுவனம், அசைவூட்டும் வேலையை அமெரிக்காவிலேயே வைத்துக்கொள்வதில் பிடிவாதமாக இருந்தது. தொழிலாளர் நோக்கில் அது பாராட்டத்தக்கது. படமோ, ஹீ-மேன் ஓடுவது ஒரே ஓட்டம், திரும்புவது ஒரே திருப்பம், 130 அத்தியாயத்துக்கும் அதேதான். 1989இல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

அப்படியானால் தரத்தை எது தீர்மானித்தது? எக்ஸ்-மென் தொடர் இதற்கு விடை சொல்லும். பேட்மேனுக்கு இரண்டு மாதம் கூட ஆகாமல், 1992 அக்டோபர் 31 அன்று அதே ஃபாக்ஸில் வந்தது. 76 அத்தியாயங்கள். பெரும்பகுதி ஏகாம் செய்தது, கடைசிச் சில மட்டும் பிலிப்பைன்ஸ் கைக்குப் போயின. தொடக்கக் கதையே பிழைகளோடு வந்து, நேரம் இல்லாமல் அப்படியே ஒளிபரப்பாகி, பிறகு திருத்தப்பட்டது. இதை வைத்து ஏகாமைத் திட்டுவது சுலபம். அதே ஏகாம்தான் சிம்ப்சன்ஸ் தொடரை 1989 முதல் பல ஆண்டுகள் செய்து கொடுத்தது என்பதைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதை நிறுவிய நெல்சன் ஷின், ஸ்டார் வார்ஸ் படத்தில் ஒளிவாளுக்கு ஒளி தீட்டியவர். 2005இல் அவர் இயக்கிய "எம்பரஸ் சுங்" என்ற படத்தின் ஓவிய வேலையில் வடகொரியக் கலைஞர்களும் சேர்ந்தார்கள். கை தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

என் கணிப்பில் குறை பாதி மாதிரிப் படத்திலேயே இருக்கிறது. எக்ஸ்-மென் உடைகளில் எத்தனை பை, எத்தனை பட்டை, எத்தனை கோடு! ஒரே காட்சியில் ஏழெட்டு பேர் நிற்பார்கள். அச்சுப் புத்தகத்தில் ஒரு முறை வரைந்தால் அழகு. அதையே ஆயிரம் முறை, நாள் குறித்து, கூலிக்கு வரையச் சொன்னால் எந்த ஊர்க் கையும் நடுங்கும். புரூஸ் டிம் செய்த கெட்டிக்காரத்தனம் அதுதான். பேட்மேனைச் சில கோணங்களுக்குள் அடக்கிவிட்டார். கறுப்புப் போர்வை, சதுரத் தாடை, இரண்டு வெள்ளைக் கண். தூரத்துத் தறியை மனசில் வைத்துப் போட்ட டிசைன் அது. அப்படியும் ஏகாமின் அத்தியாயங்கள் சரிவராமல் பேட்மேனிலிருந்து அந்த ஸ்டூடியோ விலக்கப்பட்டது. ஆக டிசைன் பாதி, மீதி நேரமும் காசும், தப்பு வந்தால் திருப்பி வரையக் கிடைக்கும் அவகாசமும்.

காசு என்றதும் ஸ்பெக்ட்ரமைச் சொல்லாமல் விடக்கூடாது. "ஹார்ட் ஆஃப் ஐஸ்" பார்த்தவர்களுக்கு அந்த ஸ்டூடியோவின் நிழலும் பனியும் மறக்காது. வாங்கின கூலிக்கு மேலே உழைப்பைக் கொட்டினார்கள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. தொண்ணூறுகள் முடிவதற்குள் ஸ்பெக்ட்ரம் மூடப்பட்டுவிட்டது. நஷ்டத்துக்கு நல்ல சரக்கு கொடுப்பவன் கடை நிலைக்காது. அந்தச் சரக்கை முப்பது வருஷமாக மெச்சுகிறவர்களோ அதற்கு விலை கொடுத்தது யார் என்று கேட்பதில்லை.

காஞ்சிக்குப் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போனவர்கள் மேல்விதானத்தைப் பார்த்திருப்பார்கள். ரிஷபதேவர் வரலாறும் கண்ணன் கதையும் வரிசை வரிசையாக, இன்றைய ஸ்டோரிபோர்டு போலவே, கீழே தமிழ் எழுத்தில் விளக்கத்தோடு ஓடும். படத்தில் இருப்பவர் யார் என்று எழுதியிருக்கிறது. வரைந்தவரை யாரும் நினைப்பதில்லை. கூலிக்கு வரைந்தவர் பெயர் மறைவது கார்ட்டூனில் தொடங்கிய வழக்கம் அல்ல.

நம் நாட்டுக் கதைக்கும் இது பொருந்தும். 1992இல் யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் முன்நின்று எடுத்த ராமாயணப் படத்தின் அசைவுகள் ஜப்பானில் வரையப்பட்டவை. வேட்டி எப்படி மடியும், கை எப்படிக் குவியும் என்பதை இங்குள்ளவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொல்லிக் கொடுத்தார்கள், அவர்களும் கேட்டார்கள். ஆகவேதான் 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் திரையரங்குக்குத் திரும்பி வந்தபோதும் அது பழசாகத் தெரியவில்லை. கொடுக்கிறவனும் செய்கிறவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்த வேலை.

பிறகு காற்று திரும்பி நம் பக்கமே வீசியது. 1999இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமன் கதைகளைத் தொடராக எடுத்தது. சில ஆண்டுகள் கழித்து "வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்" தொடரிலும் பங்கெடுத்தது. ஆக, தொண்ணூறுகளில் நம் பிள்ளைகள் பார்த்த வீரர்களை வரையும் கூலி வேலை நம் வாசலுக்கே வந்துவிட்டது.

தங்கவயல்காரர்களுக்கு இது வெறும் கலைச் செய்தி அல்ல. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய்த்தான் இந்த ஊரில் பல அடுப்புகள் எரிகின்றன. அந்த ரயிலில் கணினியில் பொம்மைப் படம் செய்யும் பிள்ளைகளும் போகிறார்கள். என் கடைக்கு வரும் ஒரு குடும்பத்துப் பையன் சொன்னான்: "நாங்க பண்றது நல்லா வந்தா டைரக்டர் பேரு ஐயா. கெட்டுப்போச்சுன்னா இந்தியா வேலை இப்படித்தான்னு சொல்லுவாங்க." அவனுடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் வெட்டிய தங்கக் கட்டியிலும் கம்பெனி முத்திரைதான் இருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிறுவனம் சரிந்தபோது அதன் பெங்களூர், மும்பை அலுவலகங்களும் ஒரேயடியாக மூடிக்கொண்டன. வேலை இழந்தவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்லர்.

கொரியாவிலோ நிலைமை மாறியிருக்கிறது. 2024இல் வந்த "எக்ஸ்-மென் '97" தொடரைச் செய்தவர்களில் முதன்மையானது சியோலின் ஸ்டூடியோ மிர். அதே வீரர்கள், அதே பட்டை, அதே பை. ஆனால் இம்முறை சண்டைக் காட்சிகளைப் பார்த்தவர்கள் ஸ்டூடியோவின் பெயரைச் சொல்லியே புகழ்ந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன் மட்டம் என்று சொல்லப்பட்ட நாட்டின் கைதான் இதுவும்.

ஆர்வமுள்ள அன்பர்கள் "ஃபீட் ஆஃப் கிளே" இரண்டு பகுதியையும் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசியில் பெயர்ப்பட்டியல் வேகமாக ஓடும்போது ரிமோட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பகுதிக்கும் ஸ்டூடியோ பெயர் வேறாக வரும் அந்த ஒரு வரியை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.