நிறமும் விண்மீனும்: சூ ஹுய்யின் சுழல்கவி

சித்திரகவி என்ற அளவிலேயே அதனைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மிறைக்கவி என்னும் மறுபெயரும் அவ்வெண்ணத்திற்குத் துணை செய்கின்றது. தண்டியலங்காரம் கூறும் மாலைமாற்று, சக்கரம், சுழிகுளம் முதலியவற்றை மாணவர் இலக்கணம் கருதிக் கற்கின்றனரேயன்றிக் கவிதை கருதிக் கற்பதில்லை. இவ்வொதுக்கம் எல்லா மொழிக்கும் பொருந்துமா என்பதனைச் சீனநாட்டுச் சித்திரகவி ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கி. பி. 4ஆம் நூற்றாண்டிற் சீனத்தில் வாழ்ந்த சூ ஹுய் என்னும் பெண்பாற் புலவர் பட்டில் நெய்ததாகக் கூறப்பெறுவது 'சுவான்ஜி து'. 'து' என்பது படம். 'சுவான்ஜி' என்பதன் பொருளைப் பின்னர்க் காண்போம். புலவர்தம் கணவர் தௌ தாவ் மணற்பாலைக்கு நாடுகடத்தப்பட்டார் என்றும், பிரிவாற்றாத மனைவி இதனை நெய்து விடுத்தார் என்றும், 648இல் தொகுத்து முடிக்கப்பெற்ற ஜின் மரபு வரலாறு கூறும். பேரரசி வூ சேதியன் பெயரால் வழங்கும் முன்னுரையோ, கணவர் வேறொருத்தியுடன் சென்றமையே பிரிவின் காரணம் என்கின்றது. தமிழ் மரபிற் கூறின் முன்னது பாலை, பின்னது மருதம். ஒரே நூல் இருவேறு ஒழுக்கத்திற்கும் இடந்தருதல் கருதத்தக்கது.

இன்று வழங்கும் படத்தில் 29 வரிசைகள் உள்ளன; வரிசைதோறும் 29 எழுத்துகள்; ஆக 841. முன்னிருந்தும் பின்னிருந்தும், மேலிருந்தும் கீழிருந்தும், மூலைவாட்டிலும் படிக்கலாம். முன்னுரை இருநூற்றுக்கு மேற்பட்ட பாக்களைக் கூறும். மிங் காலத்துக் காங் வான்மின் முதலியோர் கணக்கு ஏழாயிரத்தையும் கடந்தது. எனினும், எண்ணிக்கை கொண்டு நூலை மதித்தல் நெறியன்று.

நூலின் உயிர்நிலை நிறத்தில் உள்ளது. ஐந்து நிறங்களும் அழகு கருதி அமைந்தனவல்ல. ஒவ்வொரு நிறப்பகுதிக்கும் அடியளவு வேறு. அடி தொடங்கும் இடமும் முடியும் இடமும் நிறத்தால் அறியப்படும். எனவே, நம் யாப்பில் சீரும் தளையும் செய்யும் பணியை இங்கு நிறம் செய்கின்றது எனலாம். கருமை ஒன்றானே அச்சிட்ட படியில் எழுத்தெல்லாம் எஞ்சும், யாப்பு மறையும். பதிப்பாசிரியர் நிறத்தையும் பாடமாகவே கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு.

இனி, மொழியியல்பு நோக்குக. சீனத்தில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரு சொல். வேற்றுமை உருபும் வினைவிகுதியும் அதனைத் திரிப்பதில்லை. ஆதலின் அடியைத் திருப்பினால் சொற்கள் சிதைவதில்லை. சொற்களுக்கிடையேயுள்ள உறவே மாறுகின்றது. தமிழ் மாலைமாற்றிலோ எழுத்தைத் திருப்புங்கால் சொல் உடைந்து வேறு சொல்லாதல் வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அருளிய மாலைமாற்றுப் பதிகத்திற்கு உரையின்றிப் பொருள் காண்டல் அரிதாதல் இதனாலேயே. தமிழில் அருமை சொல்லின்மேல் நிற்கின்றது. சீனத்தில் தொடரின்மேல் நிற்கின்றது. ஒன்றன் குறையை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

விண்மீன் குறியீட்டிற்கு வருவோம். சுவான், ஜி என்பன எழுமீனுள் இரண்டாம் மூன்றாம் மீன்களின் பெயர்கள். சூ சிங் என்னும் தொன்னூலில் வரும் இத்தொடரைச் சுழலும் வானியற் கருவி என்பார் ஒரு சாரார். எழுமீனையே குறிக்கும் என்பது சூமா சியன் கருத்து. எவ்வாறாயினும், நிலையான நடுவைச் சூழ்ந்து சுழல்வது என்னும் பொருள் இரண்டற்கும் பொது. கற்பின் அடையாளமாகிய வடமீன் எழுமீன் கூட்டத்திலேயே இருத்தலின், நம்மனோர் இங்கும் அதனையே காண முற்படலாம். அது பொருந்தாது. சீன மரபில் எழுமீன் பருவ முறைமைக்கும் ஆட்சி ஒழுங்கிற்கும் அறிகுறி. குறியீட்டின் பொருள் மீனில் இல்லை. அதனை நோக்கிய மக்களின் மரபிலேயே உள்ளது.

இந்நூலில் விண்மீன் ஓவியமாக வரையப்படவில்லை; படிக்கும் முறையாகவே அமைந்துள்ளது. ஜின் வரலாறு கூறும் தொகை 840 எழுத்துகளே. நடுக்கட்டம் முதலில் வெறுமையாய் இருந்தது என்றும், 'நெஞ்சு' எனப் பொருள்படும் எழுத்து பிற்காலத்தே சேர்ந்தது என்றும் கொள்வர். அதனைச் சூழ்ந்த எட்டெழுத்துகளுள் 'சுவான்ஜி' என்னும் பெயரும் சூ என்னும் குடிப்பெயரும் அடங்கும். வெற்றிடமே நடுவாக, பிரிந்தோன் திரும்பத் திரும்பச் சுற்றிப் படிக்குமாறு செய்தமை பெருந்திறன். 'நெஞ்சு' என எழுதினோர், வடிவம் முன்னரே உணர்த்தியதனைச் சொல்லாற் கூறினர். கூறியதனாற் குறைத்தனர் என்றே கருதுகின்றோம்.

ஆகவே, சித்திரகவியை மதிக்க வேண்டிய அளவுகோல் அருமையன்று. வடிவை நீக்கினால் உணர்வும் நீங்குமா என்பதே. நீங்குமாயின் அது கவிதை. நீங்காதாயின் அணி மட்டுமே. நம் சித்திரகவிகளையும் இவ்வளவுகோல் கொண்டு ஒவ்வொன்றாக ஆராய்ந்து தெளிதல் தமிழாய்வார் கடன்.