சின்னமும் கிணறும்

திண்டுக்கல், 1973 என்றால் நமது அரசியல் வரலாறு ஒரே ஒரு கதையைத்தான் சொல்லும். தி.மு.க. எம்.பி. ராஜாங்கத்தின் மறைவால் வந்த இடைத்தேர்தல். 1972 அக்டோபரில் தொடங்கிய அ.தி.மு.க.வுக்கு அது முதல் களம். வேட்பாளர் வழக்கறிஞர் கே. மாயத்தேவர், இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. மே 20இல் வாக்குப்பதிவு. மாயத்தேவர் ஜெயித்தார், ஸ்தாபன காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம், ஆளுங்கட்சி மூன்றாமிடம். 2022 ஆகஸ்டில் மாயத்தேவர் இறந்தபோதும் இதே கதைதான் திரும்பச் சொல்லப்பட்டது.

சரி, இந்தக் கதையில் திண்டுக்கல் எங்கே? ஒரு கட்சி பிறந்து வளர்ந்ததைச் சொல்ல ஊர் வெறும் மேடையாகி நிற்கிறது.

பிரதிநிதித்துவம் என்பது இல்லாத ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்பது. குறியின் வேலையும் அதுவே. மக்களுக்குப் பதில் எம்.பி., எம்.பி.க்குப் பதில் இலை, இலைக்குப் பின்னால் எம்.ஜி.ஆர். 1977இல் மாயத்தேவர் அதே இலையில் வென்றார். 1980இல் தி.மு.க.வுக்குப் போய் உதயசூரியனிலும் வென்றார். இலையைத் தேர்ந்தெடுத்தவரே இலையைத் தோற்கடித்தார். 'கட்சி மாறி' என்று அவரை ஏசுவது சுலபம். மூன்று தடவை ஓட்டுப் போட்ட ஜனங்கள் எதற்காகப் போட்டார்கள் என்பதை நாம் ஒருதரமும் கேட்டதில்லையே, அதுதான் உறுத்துகிறது.

இந்தச் சமவெளிக்கு நிலத்தடி நீர்தான் சொத்து. வெள்ளாமைக்கும் கிணற்றுத் தண்ணி, தோல் ஷாப்புக்கும் தண்ணி. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒரு கள ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகள். அவற்றில் 350 கெட்டுப்போயிருந்தன. மாயத்தேவர் சபையில் இதைப் பேசினாரா இல்லையா என்பதல்ல என் கேள்வி. பேசியிருந்தாலும் நம் நினைவில் அதற்கு இடமில்லை. இலைக்கு இருக்கிற இடம் கிணற்றுக்கு இல்லை.

தோல் ஷாப்பின் உப்பையும் சுண்ணாம்பையும், அதில் வெந்த தலித் உடம்புகளையும் டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2010இல் எழுதிவைத்தது. தேர்தல் வரலாறு விட்டதை ஒரு நாவல் செய்தது. ஆனால் 'இலக்கியம் ஜெயித்தது' என்று நாம் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். தொழிற்சங்கம் கூலியைப் பேசியது, சூழலியல் கிணற்றைப் பேசியது. பகலில் தோல் ஷாப்பில் நின்று, சாயந்தரம் கெட்ட தண்ணியைச் சேந்தியவர் ஒரே ஆள்தான். ஷாப்பை மூடினால் கூலி போச்சு, திறந்தால் கிணறு போச்சு. அந்த ஒரே ஆளை முழுசாகப் பேச நம்மிடமும் மொழி இல்லை. அவரை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதியாய் நாமும்தான் பிரதிநிதித்துவப்படுத்தினோம்.

2024இல் தி.மு.க. கூட்டணியில் நின்ற மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஆர். சச்சிதானந்தம் இங்கே வென்றிருக்கிறார். சின்னம் மாறியிருக்கிறது. இதையும் ஒரு கட்சியின் வெற்றிக் கதையாக மட்டும் எழுதிவைத்தால், 1973இல் செய்ததையே திரும்பச் செய்தவர்களாவோம். அந்த 13 ஊர்களில் இன்றைக்கு எத்தனை கிணற்றுத் தண்ணி வாயில் வைக்க முடிகிறது? நாம் எழுத வேண்டிய தேர்தல் வரலாறு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க முடியும்.