முதுவேனிலும் பிரிவும்: பாதிரிமாரின் மனையேடுகள் பற்றிய ஒரு நோக்கு

கடல் கடந்து வந்து தமிழகத்தும் ஈழத்தும் குடிபுகுந்த கிறித்தவப் பாதிரிமாரின் எழுத்துகளைத் தமிழாராய்ச்சியாளர் ஒரு பாதியளவிலேயே பயன்கொண்டுள்ளனர். இலக்கணம், அகராதி, மொழிபெயர்ப்பு என்பவற்றை எடுத்துப் போற்றுவர்; கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சமயப் பரப்பலுக்கு உரியன என்று ஒதுக்குவர். ஒதுக்கப்பட்ட அப்பாதியே இலக்கிய ஆராய்ச்சிக்குப் பெரிதும் உரியது என்பது எம் கருத்து. அது மனைவாழ்க்கையின் பதிவு. நுணுகிக் கூறின், பாலையின் பதிவு.

பருவப் பெயரிலேயே முதல் இடர்ப்பாடு தோன்றுகின்றது. நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்றனர். மேலைநாட்டார்க்குப் பருவம் நான்கே. அவர்தம் வேனிலின் இறுதி ஆகஸ்டு மாதம். அஃது ஆண்டுக் கதிர் முற்றும் காலம். ஈண்டு, இடையன்குடித் தேரியில், அது தென்மேல்காற்றுச் செம்மணலை வாரி இறைக்கும் காலம்; பனையேறிகளின் பதநீர்ப் பருவம் முடிவை நோக்கும் காலமும் ஆம். ஒருவர் தம் தாய்நாட்டு உற்றார்க்கு எழுதிய 'சம்மர்' என்னும் சொல்லைக் 'கோடை' என்று பெயர்த்த அளவில் பொருள் விளங்கிவிட்டதாகக் கொள்ளுதல் தவறு. எழுதுகின்றவரின் சொல் ஒரு நாட்டுப் பருவத்தைச் சுட்டுகின்றது. அவருடல் மற்றொரு நாட்டுப் பருவத்தில் உழல்கின்றது. இக்கடிதங்களைப் படிப்போர் இவ்விரண்டையும் உடன் நினைத்தல் வேண்டும்.

பாலைக்கு வேனிலும் நண்பகலும் பொழுதாகவும், பிரிதல் உரிப்பொருளாகவும் கூறப்படும். அற்றேல், அயல்நாட்டார் குடும்பத்திற்குத் திணை கூறுதல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. திணை என்பது குலத்தையோ சமயத்தையோ பற்றியதன்று. நிலமும் பொழுதும் ஒழுக்கமும் இயைந்துநிற்கும் இயைபைப் பற்றியது. ஆயினும் பிரிவோர் யார் என்னும் வினாவில் இவ்வேடுகள் நம் மரபினின்று வேறுபடுகின்றன. தொல்காப்பியர் கூறும் ஓதற்பிரிவு தலைவனுக்கு உரியது. இவ்வில்லங்களில் ஓதலின்பொருட்டுப் பிரிந்தவர் சிறார். எஞ்சி நின்றவர் தாயர்.

ஹேரியட் வின்ஸ்லோ அம்மையாரின் வரலாற்றை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அமெரிக்காவினின்று 1819இல் கப்பலேறிய இவர், யாழ்ப்பாணத்து உடுவிலில் கணவர் மைரன் வின்ஸ்லோவுடன் வாழ்ந்தார். 1824இல் ஆண்டுத் தொடங்கப்பெற்ற மகளிர் விடுதிப்பள்ளி இவர் பொறுப்பில் வளர்ந்தது. கல்வியின்பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மகன் சார்லஸ் 1832இல் நியூயார்க்கில் இறந்தான். 1833 சனவரியில் உடுவிலில் தாயும் மறைந்தார். அவர்தம் நாட்குறிப்பையும் கடிதங்களையும் கணவரே தொகுத்து 1835இல் நூலாக்கினார்.

அந்நூலின் தலைப்பினை நோக்குக. அம்மையாரின் வரலாறு என்பதனோடு இலங்கை மிஷனின் சுருக்க வரலாறும் அடங்கியது என்று தலைப்பே அறிவிக்கின்றது. ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு நிறுவனத்தின் வரலாற்றைச் சுமந்தால்தான் அச்சேறும் என்னும் நிலை அக்காலத்தது. இதில் மைரன் வின்ஸ்லோவைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட அப்பேரறிஞர்க்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் தொகுப்பாசிரியர் என்ற முறையில் அவர் பொருள் வழங்கும் அன்பர்களையும் தம் சபையாரையும் முன்னிருத்தியே தொகுத்தார். அவர்க்கேற்பப் பிரிவு 'ஈகம்' என்னும் பெயர் பெறுகின்றது. ஆற்றாமை 'இறைவன் திருவுளம்' என்னும் சொல்லால் மூடப்படுகின்றது. அகத்தைப் புறமாக்கும் செயல் இது என்போம். மகற்பிரிந்த தாயின் குரலை இத்தகு நூல்களிற் கேட்க விழைவார், தொகுப்பாசிரியர் பொருத்திய மூட்டுவாய்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

காரைக்குடியிலிருந்து எழுதும் எமக்கு இவ்விடத்தில் வேறொரு குடும்பம் நினைவுக்கு வருகின்றது. கடல்வழிச் செல்கை மகளிரொடு நிகழ்தல் இல்லை என்னும் பொருள்படத் தொல்காப்பியம் ஒரு விதி கூறும். உரையாசிரியரிடையே அது பற்றி வேறுபாடும் உண்டு. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்ற நாளில் அவ்விதியை எழுத்துப் பிசகாமற் போற்றியவர் போன்றே நடந்தனர். ஆடவர் மூன்றாண்டுக் கணக்கில் கிட்டங்கியில் தங்கினர். ஆச்சிமார் செட்டிநாட்டுப் பெருமனைகளில் முற்றமும் வளவும் காத்திருந்தனர். பெட்டியடிப் பையனாகச் சிறுவன் ஒருவன் கப்பலேறிய வீட்டிற்கும், வின்ஸ்லோவின் வீட்டிற்கும் துயரளவில் வேற்றுமை யாது? பாதிரிமார் அவ்விதியை மீறி மனைவியரை உடன்கொணர்ந்தனர். மீறியும் பிரிவு நீங்கிற்றில்லை. கணவன்–மனைவியரிடையினின்று பெயர்ந்து, தாய்–மகவு என்போரிடையே சென்று நின்றது. நகரத்தார் குடும்பங்களில் எஞ்சியுள்ள கடிதங்களும் இவ்வாறு திணைநோக்கில் ஆராயத்தக்கன. அவற்றைக் கணக்கேடு என்றே கருதிக் கரையானுக்கு விடுவது பெருங்கேடு.

1834இல் யாழ்ப்பாணத்தினின்று கிளைத்த மதுரை அமெரிக்க மிஷன், நம் சிவகங்கைச் சீமையின் திருப்புவனத்தும் மானாமதுரையிலும் நிலையங்கள் கொண்டிருந்தது. வைகையின் மணல் வெளியே கண்ணுக்கெட்டும் தொலைவாகக் கிடக்கும் அவ்வூர்களின் வேனில் எத்தகையது என்பதை இந்நாட்டார்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெம்மையும் நோயும் உயிர்களைக் கொள்ளவே, அம்மிஷனார் 1845இல் கோடைக்கானலில் தம் முதல் மனைகளை அமைத்தனர். பாலையினின்று குறிஞ்சிக்கு ஏறுதல் அதன்பின் ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயிற்று. பாதிரிமாரின் பிள்ளைகளுக்கென அம்மலையிலேயே 1901இல் பள்ளியொன்று திறக்கப்பெற்றது. கடலளவாய் இருந்த பிரிவு அதனால் மலையளவாய்ச் சுருங்கிற்று. எனினும் முதுவேனிலில் தாயர் மலையிறங்கப் பிள்ளைகள் பள்ளியில் தங்கினர். வேனில் முடிவு என்பது இக்குடும்பங்களுக்கு வெம்மை தணியும் பொழுதாக மட்டும் அமையவில்லை. பிரியும் பொழுதாகவும் அமைந்தது. மேலைப் பருவப் பெயர்க்கு நம் மண்ணில் ஏறிய புதுப்பொருள் இது.

கால்டுவெல்லாரின் இல்லம் சிறிது வேறுபட்டது. 1841இல் இடையன்குடிக்கு வந்த அவர், 1844இல் எலைசா மால்ட்டு அம்மையாரை மணந்தார். எலைசா, நாகர்கோவிலில் தொண்டாற்றிய மால்ட்டு இணையரின் மகள், தமிழ் வழங்கும் சூழலில் வளர்ந்தவர், பேச்சுத்தமிழில் வல்லவர். இடையன்குடியில் பெண்கல்வியையும் பின்னல்வேலையையும் வளர்த்தவரும் அவரே. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், செந்தமிழ் கொடுந்தமிழ் என்னும் இருவழக்கினையும் கருதிப் பார்க்கின்றது. நூலோர் வழக்கை ஏட்டினின்றும் புலவரிடத்தும் பெறலாம். கொடுந்தமிழை ஏட்டிற் பெறுதல் அரிது. அடுக்களையும் முற்றமும் அதற்குப் பள்ளியாயின என்று கருதுதல் மிகையாகாது. அப்பள்ளியின் ஆசிரியருள் தலைமையானவர் மனைவியார் என்றே யாம் எண்ணுகின்றோம். கால்டுவெல்லாரின் நினைவுக்குறிப்புகளை மருமகன் வயாட்டு 1894இல் வெளியிட்டார். கணவரொருவர், மருமகனொருவர் என இவ்விரு நூல்களையும் தொகுத்தோர் குடும்பத்தாரே. ஆயினும் குடும்பத்தை நூற்பொருளாக முன்னிறுத்தினாரல்லர்.

கால்டுவெல்லார் 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கோடைக்கானலில் மறைந்தார். அவருடல் மலையினின்று இடையன்குடிக்குக் கொணரப்பெற்று, அவர் எழுப்பிய திருக்கோயிலினுள் அடக்கம் செய்யப்பெற்றது. எலைசா அம்மையார் 1899இல் மறைந்து ஆண்டே அடங்கினார். பிறந்த நாட்டு வேனிலின் இறுதியில், இரவல் குறிஞ்சியில் உயிர் நீங்கிய ஒருவர் தேரிமணலுக்கே மீண்டார். பாதிரிமார் பலர் 'இல்லம்' என்னும் சொல்லைக் கடலுக்கப்பாலுள்ள நாட்டிற்கே வழங்கினர். அச்சொல் இக்குடும்பத்தில் இடம் மாறியமைக்கு வேறு சான்று வேண்டா.

இவ்வேடுகளில் யாம் காணும் பெருங்குறை ஒன்றுண்டு. பிள்ளைகளைத் தோளிலிட்டுத் தாலாட்டிய ஆயா, சமையற்காரர், பங்கா இழுத்தவர், மோட்டார்ச் சாலை அமையுமுன் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பினின்று கோடைக்கானலுக்கு மகளிரையும் குழந்தைகளையும் டோலியிற் சுமந்து ஏறியவர் ஆகியோர் பெரும்பாலும் தொழிற்பெயராலேயே சுட்டப்பெறுகின்றனர். சங்க அகப்பாட்டிலும் தோழிக்கும் செவிலிக்கும் இயற்பெயர் இல்லை என்று விடை கூறுவார் உளர். அவ்விடை செல்லாது. அகப்பாட்டில் தலைவிக்கும் பெயரில்லை; செவிலிக்கோ தன் கூற்றாகப் பாட்டுண்டு. இவ்வேடுகளில் தலைவிக்குப் பெயருண்டு. ஆயாவுக்குப் பெயருமில்லை, கூற்றுமில்லை. அவள் வாயிற் பிறந்த சொற்கள் எவ்வளவு அகராதியேறின என்பதை இனி எவரும் எண்ணிக் கூறல் இயலாது. உடுவில் முதல் மானாமதுரை வரையிலான மிஷன் நிலையங்களின் சம்பளக் கணக்கேடுகள், திருமுழுக்குப் பதிவேடுகள், கல்லறைக் கல்வெட்டுகள் ஆகியவற்றை அச்சேறிய கடிதங்களோடு ஒப்பிட்டு, அவளுடைய பெயரையேனும் தேடியெடுத்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய பணியாம்.